அஞ்சு வரிக்கு ஒரு பக்கம்

"அஞ்சு வரிக்கு ஒரு முழுப் பக்கமா? பேப்பர் என்ன மரத்துலயாம்மா காய்க்குது?" என்று கேட்டார் பதிப்பாளர்.

"மரத்துலேர்ந்துதாங்கண்ணே வருது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை. எனக்கு அப்போதே மூக்குக்கு மேல் கோபம் வந்திருந்தது.

அது 2012. தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனதற்கு மறு வருடம். நான் சிதம்பரத்தில் தெற்கு சன்னதிப் பக்கம் ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள், பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளின் ஆய்வேடு, எது வந்தாலும் தட்டச்சு செய்து பக்கம் கட்டிக் கொடுப்பேன். அந்த வேலைக்கு நடுவில் ஒரு நாவலும் எழுதி முடித்திருந்தேன். கடலூரில் புத்தகக் கடை வைத்து, அவ்வப்போது புத்தகமும் போடுகிற ஒருவர் அதைப் பதிப்பிக்க ஒப்புக்கொண்டார். உள்பக்கங்களை நானே கட்டித் தருகிறேன் என்றேன். எழுதியவளும் நானே, பக்கம் கட்டுகிறவளும் நானே. வேறு எவர் கையும் படாது என்று நிம்மதியாக இருந்தேன். நல்ல நிம்மதி!

நாவலுக்குள் இடையிடையே கவிதைகள் உண்டு. அவை என்னுடையவை அல்ல, என் தங்கச்சியுடையவை. இந்தக் கோபம் முழுக்க அந்தக் கவிதைகளைப் பற்றியது, ஆகவே அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

2004-ல் அவளைக் காட்டுமன்னார்கோயில் பக்கம் ரைஸ் மில் வைத்திருந்த குடும்பத்தில் கட்டிக் கொடுத்தோம். ஒரே காம்பவுண்டில் மில்லும் வீடும். பெரிய வீடு. நெல் மூட்டைக்குத் தனி அறை இருந்தது, தவிட்டுக்குத் தனி அறை இருந்தது. என் தங்கச்சிக்கு இல்லை. கல்யாணமான புதிதில் ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு வருடம் ஆகியும் குழந்தை இல்லை என்றதும், "பொறக்கட்டும், அப்ப பாத்துக்கலாம்" என்று சொல்லி அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். அப்புறம் கூடத்தில் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் நடுவில் பாய். புடவை மாற்றக்கூட யாராவது எழுந்து போகிறவரை காத்திருக்க வேண்டும். மாப்பிள்ளை மில் ஆபீஸிலேயே ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்துக்கொள்வார்.

அடிதடி எதுவும் இல்லை. அதனாலேயே எங்கள் சொந்தக்காரர்கள் "அப்படி என்னா கொற?" என்று கேட்டார்கள். என்ன குறை என்று நான் சொல்கிறேன். அவள் ஏதாவது பேச வாயெடுத்தால் அந்த மனிதர் நடந்துகொண்டே இருப்பார். சட்டை மாட்டிக்கொண்டே நடப்பார், போனைத் தேடிக்கொண்டே நடப்பார், பின்னாலேயே போய் வாசல்வரை சொல்லிக்கொண்டே ஓடினால் பைக்கை உதைத்துக் கிளம்பிவிடுவார். பொண்டாட்டி சொல்வதை நின்று கேட்டால் கால் ஒடிந்துவிடுமா? இதற்கு எந்தக் கோர்ட்டில் பிராது கொடுப்பது? கடைசியில் 2009-ல் அவளே ஒரு பையை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி சிதம்பரத்துக்கு என்னிடம் வந்துவிட்டாள். கோர்ட்டுக்கும் நடந்தோம், மணமுறிவும் வாங்கினோம். ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்த வீட்டில் இருந்த வருடங்களில் அவள் கவிதை கட்டியிருக்கிறாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. எழுதி வைக்கவில்லை. எழுதினால் நாத்தனார் எடுத்துப் படிப்பாள், அதற்கு வேறு ஒரு பஞ்சாயத்து. மனசுக்குள்ளேயே வரி சேர்த்து வைத்திருக்கிறாள். என்னிடம் வந்த பிறகு வெங்காயம் உரித்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் கடைக்குக் கூட்டிப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். எங்கே வரியை உடைப்பது என்பதும் அவள்தான் சொல்வாள். "அங்க நிறுத்துக்கா. அடுத்தத கீழ போடு" என்பாள். அதில் ஒன்று இது:

மில்லு ஓடும்போதே
அழுது முடிச்சிடணும்.
நின்னதுக்கப்புறம்
எல்லாருக்கும்
காது உண்டு.

என் நாவலே அப்படி ஒரு வீட்டில் வாழ்ந்த பெண்ணைப் பற்றியதுதான். அந்தப் பெண் சொல்வதாக இந்தக் கவிதைகளை நாவலுக்குள் வைக்கட்டுமா என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்தாள். பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒவ்வொண்ணுக்கும் தனி பக்கம் குடுக்கா. மேலயே ஆரம்பிச்சிடு. கீழ ஒண்ணும் இருக்கக்கூடாது, காலியா இருக்கணும். அந்த வீட்ல எனக்கு ஒரு ரூம் கெடைக்கல. இதுங்களாவது காலு நீட்டிப் படுக்கட்டும்."

இதுதான் அவள் கேட்டது. பேர் போடச் சொல்லவில்லை, நன்றி சொல்லச் சொல்லவில்லை. அரைப் பக்கம் வெள்ளைத் தாள் கேட்டாள். சத்தியமாகச் செய்கிறேன் என்றேன்.

செய்தேன். அந்த வருடம் பக்கம் கட்டிய லட்சணத்தைக் கேளுங்கள். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. ஒரு பத்தியைச் சரி செய்து நிமிர்வதற்குள் யூபிஎஸ் கூவ ஆரம்பிக்கும். சேமிப்பதற்குள் செத்துப்போகும். கடைக்கு வெளியே படிக்கட்டில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வந்ததும் ஓடிப்போய், செய்ததையே திரும்பச் செய்வோம். அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து நான் விட்ட சாபங்களில் பாதி பலித்திருந்தாலும் ஒரு மந்திரி மிஞ்சியிருக்க மாட்டார்.

கவிதை எப்போதும் வலதுபக்கத்தில் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. புத்தகத்தைத் திறந்ததும் கண் அங்கேதான் போகும். அதற்கு முந்தைய அத்தியாயம் இடதுபக்கத்தில் முடிய வேண்டும். முடியாவிட்டால் நடுவில் ஒரு பக்கம் வீணாகும், பதிப்பாளர் கத்துவார். ஆகவே என் வாக்கியங்களையே வெட்டினேன். நன்றாகத்தான் இருந்தன, இருந்தாலும் வெட்டினேன். கவிதைப் பக்கத்தில் பக்க எண்ணைக்கூட எடுத்துவிட்டேன். அவளுடைய அறைக்குள் என் எண் எதற்கு?

இனி பதிப்பாளர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். புயலில் அவர் கடையின் கூரை ஷீட் பறந்து புத்தகக் கட்டுகள் எல்லாம் ஊறிப் பாழாய்ப்போயின. அது பாவம்தான். ஆனால் அவர் வாழ்க்கை முழுக்கப் போட்டவை மலர்கள்: கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு விழா மலர், சங்கத்து வெள்ளி விழா மலர். மலரில் வெறும் இடம் என்று ஒன்று கிடையாது. உள்ளங்கை அகலம் காலியாக இருந்தால் அங்கே ஒருவர் கைகூப்பிக்கொண்டு "விழா சிறக்க வாழ்த்துகிறோம்" என்று சிரிப்பார். அதிலேயே ஊறின மனிதருக்கு வெள்ளைத் தாளைக் கண்டால் கை அரிக்கும்.

முதலில் கவிதையையெல்லாம் பத்தியோடு பத்தியாக ஓடவிடச் சொன்னார். "நடுவுல கோடு போட்டுப் பிரிச்சிடும்மா. படிக்கிறவன் புரிஞ்சிப்பான்." முடியாது என்றேன். அடுத்த முறை, "சரி, ஒரே பக்கத்துல ரெண்டு மூணு கவிதய அடுக்கிடு" என்றார். முடியாது என்றேன். அடுத்த முறை, "காலியா வுட்டா அச்சு விழாத பக்கம்னு கஸ்டமர் திருப்பிக் குடுப்பாங்க. கீழ ஒரு பூவாவது போடு" என்றார்.

"என்னா பூண்ணே?"

"ஏதாவது பூ. தாமரையோ ரோஜாவோ. உன்கிட்டதான் பத்திரிகைக்குப் போடுற பூ நெறைய இருக்குமே."

அழுது முடிச்சிடணும் என்ற வரிக்குக் கீழே ரோஜாப்பூ! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினேன். ஆமாம், ஆத்திரத்தில்தான் பொறுமையாக விளக்கினேன், இல்லாவிட்டால் மேஜையைத் தூக்கியிருப்பேன். இவை என் தங்கச்சி கட்டியவை, அவள் கேட்டது இந்தக் காலி இடம் ஒன்றுதான், இது இல்லாவிட்டால் கவிதையே வேண்டாம் என்பாள் என்றேன். எந்த வீட்டில் வாழ்ந்தாள் என்றெல்லாம் சொல்லவில்லை. அது ஊருக்குச் சொல்கிற விஷயமா?

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரிம்மா, உன் இஷ்டம்" என்றார். அத்தனை சுலபமாக ஒருவர் இறங்கி வரும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "ஃபைல மட்டும் ஓப்பனாவே குடு. பூட்டிக் குடுத்தியன்னா பிரஸ்ல ஃபான்ட் ஒடஞ்சிடுது" என்றார். ஃபான்ட் உடைந்து எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறிப்போவது அந்தக் காலத்தில் தினப்படித் தலைவலி. நம்பினேன். யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தக்கூடிய கோப்பாகவே சிடியில் போட்டுக் கொடுத்தேன்.

வெளியீட்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடலூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில். புத்தகம் காலையிலேயே கடைக்கு வந்துவிடும் என்றார். நானும் தங்கச்சியும் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்தோம். அவள் அரக்குப் பார்டர் போட்ட புடவை கட்டியிருந்தாள், வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். ஆலப்பாக்கம் தாண்டும்போது, "எந்தப் பக்கத்தை முதல்ல தொறப்ப?" என்று கேட்டேன். "மில்லுதான்" என்றாள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பதிப்பாளர் கடைக்குள் நுழைந்தபோது கட்டுகளைப் பிரித்து மேஜை மேல் அடுக்கியிருந்தார். புத்தகத்து வாசனை. அவர் ஒரு பிரதியை எடுத்து, ஏதோ பிள்ளையைக் கையில் கொடுப்பது போல தங்கச்சியிடம் கொடுத்தார். அவள் நின்றபடியே புரட்டினாள். புரட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. புத்தகத்தை அப்படியே திருப்பி என்னிடம் நீட்டினாள்.

மேலே ஐந்து வரி. நான் வைத்த இடத்திலேயே இருந்தன. கீழே கறுப்புக் கட்டம் கட்டி ஒரு ரைஸ் மில் விளம்பரம். "நூல் வெற்றி பெற வாழ்த்துகிறோம். இல்லம்தோறும் மகிழ்ச்சி, இனிய இல்லறத்துக்கு எங்கள் அரிசி." அதற்குப் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், கைகூப்பிச் சிரிக்கும் ஒரு மனிதர்.

அவர்தான். என் தங்கச்சியின் புருஷனாக இருந்தவர்.

மற்றக் கவிதைப் பக்கங்களைப் புரட்டினேன். ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் கீழே ஆட்கள் குடியேறியிருந்தார்கள். ஜவுளிக்கடை, சிமென்ட் ஏஜென்சி, பல் டாக்டர், குறிஞ்சிப்பாடியில் ஒரு செல்போன் கடை. எல்லோரும் என் நாவலை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

"என்னாண்ணே இது?" என்றேன்.

"ஏம்மா கோச்சிக்கிற? கவிதய நான் தொட்டனா? ஒரு எழுத்துத் தொட்டனா? சும்மா கெடந்த எடந்தான. வெளம்பரம் இல்லாம இந்த வருஷம் நான் எப்படிம்மா புத்தகம் போடுறது?"

"சும்மா கெடந்த எடமா? எதுக்கு அந்த எடம்னு உங்ககிட்ட மணிக்கணக்கா உக்காந்து சொன்னனே, காதுல என்னா பஞ்சா வச்சிருந்தீங்க?"

"அதுலயும் பாத்துப் பாத்துதாம்மா வச்சேன்" என்றார் அந்த மனிதர், உண்மையாகவே மனம் நொந்து. "இந்தக் கவிதைல மில்லுன்னு வருது பாரு, அதான் ரைஸ் மில்ல இங்க போட்டேன். மேட்சிங்கா இருக்கட்டும்னு."

மேட்சிங்! ஜாக்கெட் துணியா எடுக்கிறார்? நான் கத்திய கத்தலில் பக்கத்து ஃபேன்சி ஸ்டோர்க்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் போட்டோவில் இருப்பவர் யார் என்றும் போட்டு உடைத்துவிட்டேன். மூன்று வருடம் ஊருக்கு மூடி வைத்ததை ஒரு புத்தகக் கடையில் நின்று கூச்சல் போட்டுச் சொல்லும்படி ஆனது. அதற்கும் அவர் மேல்தான் கோபம் வந்தது. பதிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. கடலூர் மாவட்டத்து எழுத்தாளர் புத்தகம்னு சொல்லி எல்லா மில்லுலயும் கேட்டோம். எல்லா மலருக்கும் குடுப்பாரு, இதுக்கும் குடுத்தாரு" என்றார்.

அப்போதுதான் தங்கச்சி சிரித்தாள். மெல்லிய சிரிப்பு.

"ஒரு ரூம் கேட்டேன்க்கா. அதுலயும் வந்து காலு நீட்டி உக்காந்துட்டாரு பாரு" என்றாள்.

பதிப்பாளர் பதறிக்கொண்டு எழுந்தார். "வெள்ளை பேப்பர் வெட்டி அது மேல ஒட்டிடலாம்மா. பிரஸ்ல பண்றதுதான். தெரியவே தெரியாது."

"ஒட்டுனா, உள்ளதான இருப்பாரு?" என்றாள் தங்கச்சி.

பதிப்பாளர் மேஜையில் இரும்பு ஸ்கேலும் பேப்பர் வெட்டும் கத்தியும் கிடந்தன. எடுத்தேன்.

"இரும்மா, இரு! பின்பக்கத்துல உன் கதை இருக்கு!" என்று கத்தினார்.

இருந்தது. அந்தத் தாளின் பின்பக்கத்தில்தான் அடுத்த அத்தியாயம் ஆரம்பமாகிறது. கல்யாணமாகி வந்த பெண் முதல் தடவையாகக் கூடத்தில் பாய் விரிக்கும் இடம். நாவலிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான், எத்தனை தடவை திருத்தி எழுதியிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும். கீழ்ப்பாதியை வெட்டினால் அதில் பாதி போகும். தங்கச்சியும் என் கையைப் பிடித்தாள். "உன் கதை போயிடுமேக்கா."

"போவட்டும்டீ" என்றேன். ஸ்கேலை ஐந்தாவது வரிக்குக் கீழே வைத்துக் கத்தியை இழுத்தேன்.

தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து பிடித்தாள், நான் வெட்டினேன். ஜவுளிக்கடை, பல் டாக்டர் பக்கங்களையும் வெட்டப் போனேன். அவள் தடுத்தாள். "அவுங்கள்ளாம் இருந்துட்டுப் போவட்டும்க்கா. வாடகைக்கு இருக்காங்கன்னு நெனச்சிக்கிறேன். இவரு மட்டும் வேணாம்." பதிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டு, கிழிந்த புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்று புலம்பினார். புலம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெட்டி முடித்ததும் துண்டுகளையெல்லாம் வாரி அவர் மேஜை மேல் குவித்தேன். "இந்தாங்கண்ணே, உங்க வெளம்பரம். பின்னாடி என் கதையும் இருக்கு, அதையும் நீங்களே வச்சிக்கோங்க."

அவர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "இன்னொண்ணும் சொல்லிடுறேம்மா. வெளம்பரம் குடுத்தவங்களுக்கு ஆளுக்கொரு பிரதி காலைலயே பஸ்ல குடுத்தனுப்பிட்டேன். காட்டுமன்னார்கோயிலுக்கும் போயிருக்கும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. விழாவாவது மண்ணாவது, இப்போதே பஸ் ஏறிப் போய் அந்த மில் வாசலில் நின்று அந்தப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு வருகிறேன் என்று பையை எடுத்தேன். கத்தியையும் பைக்குள் போட்டேன். தங்கச்சி என் பையைப் பிடித்து இழுத்துக் கீழே வைத்தாள்.

"வுடுக்கா. அந்த ஒண்ண வெட்ட வேணாம்" என்றாள். "அஞ்சு வருஷம் அந்தாளு பின்னாடியே பேசிக்கிட்டு ஓடுனேன், ஒரு நாளு நின்னு கேட்டதில்ல. தன் போட்டோவப் பாக்கவாவது அந்தப் பக்கத்தத் தொறந்து நிப்பாரு."